மூன்றாம் மாடிக் கைப்பிடி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் நன்றாக இருக்கவேண்டும். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே போகப் போக எனக்குக் கோபம் வரும், அப்புறம் எழுத மனசு வருமோ வராதோ. அவளுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? தூக்குகிற வேலை எல்லாம் நீ செய்.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அழுதாலும் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி இல்லை. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன் என்று உனக்குத் தெரியும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். குடியிருப்போர் சங்கத்தார் உனக்கு அனுப்பியிருக்கிற சமாதானப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் மாடியில் குடியிருந்த பெரியவர் தவறி விழுந்து இறந்ததற்குச் சங்கம் வருந்துகிறதாம். வீட்டு உரிமையாளருக்குச் சங்கத்தின் மேல் எந்தக் குறையும் இல்லையாம். தவறி விழுந்தாராம்! அதைக் கேட்டதும் மெஷின் மேல் கிடந்த துணியை எடுத்துக் கசக்கிவிட்டேன். யாரோ தைக்கக் கொடுத்த பேண்ட். அவள் எழுந்து போய் மறுபடியும் இஸ்திரி போட்டாள்.

"அப்பாதான் போய்ட்டாரே, இனிமே அந்தக் கம்பி எதுக்கும்மா, விட்டுடு" என்று நீ சொன்னாய். நீ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. உனக்கு நடந்தது எல்லாம் டேப்பு சொல்லித்தான் தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீ சொல்.

டேப்பு யார் என்று மருமகளுக்குத் தெரியாது, சொல்லிவிடு. சங்கத்துச் செயலாளர்தான். அப்பா வைத்த பெயர். எந்நேரமும் பாக்கெட்டில் அளக்கிற டேப்பு வைத்திருப்பான். யார் வீட்டு மிதியடி எவ்வளவு வெளியே நீட்டுகிறது, யார் செருப்பு ஸ்டாண்டு எத்தனை அங்குலம் என்று குனிந்து அளப்பான். "குனியறப்ப இவனையே ஒரு தடவை அளந்துடணும், இவன்தான் பாதையில ரொம்ப நீட்டிக்கிட்டு இருக்கான்" என்று அப்பா சொல்வார்.

அப்பாவுக்குக் கண் எப்படிப் போனது என்று நீ அறிவாய். முதலில் ஓரப் பார்வை. பஸ் ஓட்டுகிற ஆளுக்கு அது போனால் எல்லாம் போன மாதிரி. வேலையை விட்டார். பிறகு நேராகப் பார்க்கிறதும் புகை மாதிரி ஆகிவிட்டது. நம் மாடியில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி, ஒரே பெயிண்ட். ஒருநாள் கீழே போய்விட்டு வந்தவர் நேராகத் தையல்காரி வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி கொண்டா" என்று அதிகாரமாகக் கேட்டிருக்கிறார். அவளும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். குடித்து முடித்து, "என்ன இன்னைக்கு, மெஷின் சத்தம் நம்ம வீட்டுக்குள்ளயே கேக்குது" என்றாராம். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை அழைத்துவந்து விட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அப்புறம் கொஞ்ச நாள் வெளியே போகவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தே இருந்தார். என்ன தெரிந்ததோ அவருக்கு அங்கே.

அதற்குத்தான் கம்பி. வெல்டிங் கடைக்காரனைக் கூட்டிவந்து லிஃப்டிலிருந்து நம் கதவு வரைக்கும் சுவரில் பைப்பு அடித்தோம். இரும்பு கையில் குளிரும் என்று நான்தான் துணி சுற்றினேன். லிஃப்ட் கிட்டே மெல்லிய துணி. தையல்காரி கதவுக்கு நேரே ஒரு முடிச்சு. நம் கதவுக்கு நேரே பழைய துண்டை மடித்துத் தடியாகச் சுற்றி நூல் போட்டுத் தைத்தேன். முடிச்சு வந்தால் அவள் வீடு, துண்டு வந்தால் நம் வீடு. அதற்கப்புறம் அவர் தனியாகக் கீழே போய்க் காவல்காரரோடு அரசியல் பேசிவிட்டுத் தனியாக மேலே வருவார். முகத்தில் பழைய டிரைவர் வந்துவிட்டார். "ரூட்டு போட்டுட்டோம்டி, இனிமே பிரேக்டவுன் இல்ல" என்றார்.

அது பொதுச் சுவர், உங்கள் சுவர் இல்லை என்று டேப்பு வந்து நின்றான். கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். அப்பா பொறுமையாகப் பேசினார். "தம்பி, நான் உங்க சுவத்தைத் தூக்கிட்டுப் போகலை, தொட்டுட்டுத்தான் போறேன்" என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அப்புறம் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் என்றார்கள். அந்த வாசனை அவருக்கு இளைப்பு கொண்டுவரும் என்று உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் சுவர் பளபள என்று இருக்கிறது, கம்பி இல்லை. ஓட்டையைக் கூடப் பூசி மறைத்துவிட்டார்கள். "ஏங்க, கம்பியைக் காணோம்" என்றேன். அவர் கையை நீட்டிச் சுவரைத் தடவிப் பார்த்தார். "சரி விடு, உள்ள போலாம்" என்றார். அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் டேப்புவைக் கேட்கக் கீழே இறங்கினேன்.

லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினோமே, பார்க்கவில்லையா என்று கேட்டான். கண் தெரியாத மனுஷனுக்கு நோட்டீஸ் ஒட்டினார்களாம். நான் கத்தினேன். கீழே இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். என் சத்தம் மேலே வரைக்கும் கேட்டிருக்கிறது. நான் சண்டை போட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது. என்னைக் கூப்பிட வெளியே வந்திருக்கிறார். கம்பி இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதானே உள்ளே போனார்? புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கதவைத் தாண்டியதும் கை வழக்கம்போலப் போய்ச் சாய்ந்திருக்கிறது. சாய ஒன்றும் இல்லை. இடுப்பு எலும்பு அங்கேயே போய்விட்டது. அப்புறம் ஆஸ்பத்திரி, நெஞ்சில் சளி, மீதி நீ அறிவாய்.

இப்போது சொல். இது தவறி விழுந்ததா?

இன்னொன்று கேள். கம்பியை எடுத்தபிறகு அந்தப் புதுப் பெயிண்ட்மேல் கம்பி இருந்த உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. எல்லார் கையும் பட்ட அழுக்கு. முழங்கால் வலிக்காரி தையல்காரி, சாமான் தூக்கிவருகிறவர்கள், எல்லாரும் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் நடந்திருக்கிறார்கள், இப்போது சுவரைத் தடவிக்கொண்டு போகிறார்கள். சுவரைத் தொடாதீர்கள் என்று டேப்பு அதற்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். நான் கிழித்துவிட்டேன். நீ திட்டினாலும் பரவாயில்லை.

இந்த மாதிரித் தகராறுகளைத் தீர்க்கிற அலுவலகத்தில் தையல்காரி துணையோடு மனு கொடுத்திருக்கிறேன். சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போனால், வீடு உன் பெயரில் இருக்கிறது, நீ உரிமையாளர், நான் குடியிருப்பவள், எனக்குப் பேச உரிமை இல்லை என்கிறார்கள். அந்த மனுஷனோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு அவர் சாவைப் பற்றிப் பேச உரிமை இல்லையாம். உனக்காக நான் பேசலாம் என்று ஒரு பேப்பர் அனுப்பு. தையல்காரி போனுக்கு அனுப்பினால் போதும், அவள் எடுத்துத் தருவாள்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரை உள்ளே விட டேப்புவிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். ஒழுகட்டும். வாளி வைத்திருக்கிறேன்.

எனக்கு இங்கே உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

என் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்கிற தைரியத்தோடு,
அம்மா.


மகனுக்கு,

பேப்பர் வந்தது. சமரசத்துக்குப் போய்விட்டு வந்தேன். போய்வந்து சில நாள் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதாவிட்டால் திட்டுதான் வரும்.

வட்ட மேசை போட்ட அறை. ஏசி நடுங்க வைக்கிறது. நடுவில் முகம் துடைக்கிற பேப்பர் டப்பா ஒன்று, நான் அழுவேன் என்று முதலிலேயே வைத்த மாதிரி. நான் அதைத் தொடவே இல்லை. சமரசம் பேசுகிறவர் ஒரு வக்கீலம்மா. நல்ல மாதிரிதான். ஆனால் அவர் பேச்சு பாலில் நனைத்த பஞ்சு மாதிரி. கோபத்தைப் பிடித்து நிற்க அதில் இடமே இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது, குற்றம் சொல்லக்கூடாது, அவரவர் மனசில் பட்டதை மட்டும் சொல்லவேண்டும் என்றார். நான் டேப்புவைப் பார்த்து, "நீ வெட்டின, அவரு விழுந்தாரு" என்றேன். வக்கீலம்மா குறுக்கே வந்து, "அப்படி வேண்டாம்மா, 'கம்பியை எடுத்தது எனக்கு வருத்தமா இருந்தது'ன்னு சொல்லிப் பாருங்க" என்றார். "வருத்தம் எனக்கு இருக்கட்டும்மா, வெட்டினது யாரு, அதைச் சொல்லாம எப்படிச் சொல்றது?" என்றேன். தையல்காரி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சங்கத்துத் தலைவரும் வந்திருந்தார். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். கீழே தோட்டத்தில் ஒரு பெஞ்சு போட்டு அப்பா பெயரை அதில் எழுதுகிறோம் என்றார். "அவரு உக்கார இடம் கேக்கலைங்க, நடக்க வழி கேட்டாரு" என்றேன். கண்ணாடி அதற்கப்புறம் கையிலேயே இருந்தது. மாட்டவில்லை.

எனக்கு வேண்டியது ரெண்டு என்று சொன்னேன். கம்பியை அதே இடத்தில் திரும்ப அடிக்கவேண்டும். தவறி விழுந்தார் என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு, சங்கம் கம்பியை எடுத்ததால் விழுந்தார் என்று எழுதவேண்டும். சுவரில் விழுந்த கறுப்புக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். வக்கீலம்மா டேப்புவைப் பார்த்து, அங்கே மற்றவர்களும் பிடித்துத்தான் நடக்கிறார்களா என்று கேட்டார். அவன் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து இழுத்து இழுத்து விட்டான். நமக்கு நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

அப்போதுதான் அவன் சொன்னான். "நாங்க சும்மா வெட்டலைங்க. வெட்டறதுக்கு முன்னாடியே ஓனருக்குப் போன் பண்ணோம். இவங்க பையன்தான், 'ரூல்ஸ் என்னவோ அதைப் பண்ணிடுங்க, அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்'னார்."

பொய் சொல்கிறாய் என்று எழுந்து நின்றேன். என் பிள்ளை அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டான் என்றேன். ஆனால் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்." டேப்புவுக்கு அப்படிப் பேச வராது. அது உன் பேச்சு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினபோதும் அதுதான். வேலைக்கு வெளிநாடு போகிறேன் என்று உன் அத்தைக்கு முன்னாடியே தெரிந்து எங்களுக்குக் கடைசியில் தெரிந்ததே, அப்போதும் அதுதான். சொல்லிக்கிறேன், சொல்லிக்கிறேன். நீ எங்களுக்குச் சொல்லவே இல்லை.

ஒரு போன். "அம்மா, கம்பியை எடுக்கப்போறாங்க, நான் சரின்னுட்டேன்" என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நான் அத்தை வீட்டுக்கே போயிருக்கமாட்டேன். அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். என்னையும் சேர்த்து வெட்டட்டும் என்று.

வக்கீலம்மா, உங்கள் பையனுக்கு இப்போதே போன் போட்டு எல்லார் முன்னாலும் கேட்டுவிடலாமா என்றார். போனை எடுத்து மேசை நடுவில் வைத்தும்விட்டார். டேப்பு சிரித்துக்கொண்டே நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டான். நான் என் கையை அந்தப் போன் மேல் வைத்து மூடினேன். "வேண்டாம்மா. நான் பெத்தவனை நான் கேட்டுக்கறேன். இவங்க முன்னாடி வேண்டாம்" என்றேன். ஏன் மூடினேன் என்று எனக்கே தெரியாது. அந்த நிமிஷம் உன்மேல் இருந்த கோபத்துக்கு, எதிரே நீ நின்றிருந்தால் அறைந்திருப்பேன். ஆனால் அவன் சிரிப்புக்கு நடுவில் உன் குரல் வந்து மாட்டிக்கொள்வதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவ்வளவுதான். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் தையல்காரி பாவம், என்னைத் தேற்றுகிறேன் என்று, "விடுக்கா, இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்" என்றாள். "என் பையனைப் பத்தி நீ பேசாத" என்று நான் கத்தினதில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். இறங்குகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் குழாயைப் பார்க்க அவளே பிளம்பரை அழைத்துவந்தாள். டேப்புவிடம் கேட்டாயா என்றேன். "அவன் கெடக்கான்" என்றாள்.

அப்பாவை அனுப்பி வைக்க நீ வந்திருந்தபோது வெளியே வந்து, "எந்த இடத்துலம்மா?" என்று கேட்டாய். நான் காட்டினேன். நீ சுவரைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்பாமேல் இவ்வளவு பாசமா பிள்ளைக்கு என்று நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். என் கை உன் முதுகில்தானே இருந்தது.

அங்கே உனக்கு எத்தனை தலைவலி, யாரோ ஒருவன் ரூல்ஸ் என்று போன் போட்டால் சரி என்று சொல்லி வைத்துவிடத்தான் தோன்றும் என்று உன் அத்தை சொல்கிறாள். "அண்ணி, அவன் வேணும்னு செய்யலை" என்கிறாள். வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் எனக்குச் சண்டை போடுவது சுலபம். நீ அவர் நடக்கிற வழியை, கேட்கக்கூட நேரம் இல்லாமல், ஒரு போனில் கொடுத்துவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பாவுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டுகூட உன் போன் வந்ததா என்றுதான் கேட்டார். டேப்புவைத் திட்டினார், சங்கத்தைத் திட்டினார். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மட்டும் நல்லது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். வக்கீலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சங்கத்துக்கு இருக்கிற ஒரே பிடி நீ சொன்ன அந்த வார்த்தைதான். உரிமையாளர் நேரில் வந்து, எனக்கு விவரம் சொல்லாமல் கேட்டார்கள், பெற்றவர்களைக் கேட்காமல் நான் சரி என்றது தப்பு, கம்பியைத் திரும்ப வையுங்கள் என்று சொன்னால் அவர்களுக்கு வேறு பேச்சு இருக்காதாம். போனில் சொன்னால் போதாதா என்று கேட்டேன். சொல்லலாம், ஆனால் நேரில் வந்து சொல்கிற மாதிரி இருக்காது என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. போனில் கொடுத்ததைப் போனில் வாங்க வேண்டாம்.

அதனால் நீ வா. லீவு கிடைக்காது என்று எழுதாதே. அடுத்த பேச்சுக்கு நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நீ வருகிற தேதியைச் சொன்னால் அதற்கு வைக்கிறேன் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். வந்து அந்த மேசையில் என் பக்கத்தில் உட்கார். டேப்பு முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல். என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் எனக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியாது. அவர்களிடம் சொல், அது போதும்.

அந்தச் சமாதானப் பேப்பரில் நீ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், அதையும் என்னிடம் நீயே சொல்லிவிடு. இன்னொரு தடவை அவன் வாயால் என்னைக் கேட்கவைக்காதே.

ஏர்போர்ட்டுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன், நானும் வர மாட்டேன். வண்டி பிடித்து வந்துவிடு. வந்ததும் நான் உன்னிடம் சிரித்துப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. முகத்தைத் திருப்பிக்கொள்வேன், தட்டை வேகமாக வைப்பேன், இரண்டு வார்த்தை கூடவே வரும். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொள். ஆனால் நீ கதவைத் தட்டி நான் திறக்காமல் இருந்தேன் என்று மட்டும் ஆகாது.

நல்லா இரு. பத்திரமாக வா.

அம்மா.